தோண்டலாமா என்று நான்கு பேரைக் கேட்டேன்

நாங்கள் வாங்க ஆசைப்பட்ட வீட்டில் தரையிலிருந்து உத்திரம் வரை ஒன்பதேகால் அடி. என் மனைவியின் தறிக்கு வேண்டியது பத்தரை அடி. நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டுதான் உட்காருகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தறியின் தலைக்கு மேலே, புடவைக்கு டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டி ஒன்று அட்டை மாலையும் கயிறுமாக ஏறி உட்கார்ந்திருக்கிறதே, உயரம் கேட்பது அதுதான். இந்த ஒன்றேகால் அடிப் பற்றாக்குறை என் வாழ்நாளில் மூன்று புடவைக் காலத்தைத் தின்றது.

புடவைக் காலம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து, கல்யாணப் புடவை எடுக்க வேன் வேனாக வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டப்போவதாக அதன் சொந்தக்காரர் சித்திரையில் சொன்னார். அப்போதுதான் தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏறியிருந்தது. ஒரு பாவில் மூன்று புடவை. எங்கள் ஊரில் குடித்தனக்காரரின் சட்டிபானையைத் தெருவில் வைக்கத் தயங்காதவர்கூடப் பாவு ஏறிய தறியை அறுக்கச் சொல்லமாட்டார். "பாவு முடியட்டும்பா, அப்பறம் காலி பண்ணிக்க" என்றார் அவரும். அன்று முதல் எங்கள் வீட்டில் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் நெய்த துணியைச் சுற்றிக்கொள்ளும் படமரத்தில் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். என் மனைவி வேகமாக நெய்கிறவள் என்பதில் அதுவரை எனக்குப் பெருமை இருந்தது.

புது வீடு, பிளாட் எதுவும் எங்களுக்கு ஆகாது. இரண்டாவது மாடியில் தறிக்குழி தோண்டினால் கீழ்வீட்டுச் சமையலறையில் என் மனைவியின் கால்கள் தொங்கும். ஆகவே பழைய வீடு. அலைந்து திரிந்து கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் கண்டுபிடித்தோம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடையது. நீளமான கூடம், நடுவில் முற்றம், பின்னால் உறைக்கிணறு. அவருடைய அப்பா காலத்தில் அதே கூடத்தில் இரண்டு தறி ஓடியதாம். ஒன்பதேகால் அடியில் எப்படி ஓடியது என்று என் மனைவி கேட்டாள். வாத்தியார் தெருவைக் காட்டினார். அங்கே ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் மேலேயே இன்னொரு ரோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ரோடு ஏற ஏற மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வர, இவர்களும் மண்ணைக் கொட்டித் தரையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். உத்திரம் மட்டும் எங்கும் போகாமல் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது.

"ஒன்றரை அடி மண்ணு உள்ள இருக்குது. தோண்டிட்டா பழைய ஒசரம் வந்துடும்" என்றார் வாத்தியார், கழித்தல் கணக்குப் போல.

என் மனைவி சுவரோரமாக நடந்து போனாள், திரும்பி வந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "தோண்டினா சுவரு நிக்குமா, மழையில தண்ணி உள்ள வருமா, ரெண்டும் தெரியணும். தெரிஞ்ச ஆளா கூட்டியாந்து பாருங்க. நான் தறியை விட்டுட்டு வர முடியாது."

கவனியுங்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இவ்வளவுதான். தரையைத் தோண்டலாமா என்று தெரிந்த ஒருவரை அழைத்து வருவது.

நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கோப்பை யாருடைய மேசைக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இருபது வருடமாக என் தொழில். ஆகவே சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நம்பினேன். அலுவலகத்தில் விசாரித்தேன். ஒருவர் சர்வேயர் என்றார், ஒருவர் வாஸ்து என்றார், ஒருவர் பேங்க் வேல்யுவர் வந்தால் எல்லாவற்றையும் அவரே பார்த்துவிடுவார் என்றார். ஒரு அட்டெண்டர் மட்டும், "கட்டட இன்ஜினியரைக் கூப்டு சார், அவங்கதான் இதுக்கு" என்றார். சுவரைப் பார்ப்பதற்கு எதற்கு ஃபீஸ் என்று எனக்குத் தோன்றியது. சுவர்தான் எனக்கே கண்ணுக்குத் தெரிகிறதே. அட்டெண்டருக்குச் சிரித்து நன்றி சொல்லிவிட்டு, சர்வேயருக்கு மனுப் போட்டேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு சாண் சந்துக்காகத் தாத்தா போட்ட வழக்கைப் பேரன் நடத்துவான். வீடு வாங்குகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி "அளந்தாச்சா?" என்பதுதான். வீடு நிற்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த வழக்கத்தில் வளர்ந்த மூளை எனக்கு.

மனுப் போட்டு, அலைந்து, அவர் தேதி கொடுத்து, அந்தத் தேதியில் வராமல், இன்னொரு தேதியில் வந்தபோது தறியில் முதல் புடவை முடிந்து அறுத்தாகிவிட்டது. சர்வேயர் சங்கிலியும் வரைபடமுமாக வந்து இறங்கியதும் தெருவே வெளியே வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காபி டம்ளரோடு தன் வீட்டு எல்லையில் நிற்க ஆரம்பித்தவர், அளந்து முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டம்ளர் காலியான பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்சந்தில் முட்செடிக்குள் புதைந்திருந்த சர்வே கல்லைத் தேடி நான்தான் மண்டியிட்டேன். கல் கிடைத்தது. அங்கிருந்து அளந்து பார்த்தால், பின்சுவருக்கு வெளியே ஒன்றேகால் அடி அகலத்துக்கு இந்த வீட்டு மனை நீண்டிருக்கிறது. வாத்தியாருக்கே தெரியாத நிலம். முழங்காலில் முள்ளும் முகத்தில் வெற்றியுமாக நான் எழுந்தேன்.

அந்த மிதப்பிலேயே சர்வேயரைக் கூடத்துக்கு அழைத்துப் போய்த் தரையைக் காட்டி, தோண்டலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார். "உங்க எல்லைக்குள்ளதான் இருக்குது சார், தாராளமா தோண்டிக்கலாம்" என்றார். எத்தனை அடி தோண்டலாம் என்றேன். பூமிக்குள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், பக்கவாட்டில்தான் போகக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்றேகால் அடி கிடைத்த கதையை விரிவாகச் சொன்னேன். என் மனைவி இழையோடு குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "நான் அகலமா கேட்டேன்?" என்றாள்.

அடுத்து வாஸ்துக்காரர். இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவரைச் சிபாரிசு செய்தவர் என் மேலதிகாரி. எனக்கு லீவு தருவதும் அவர்தான். வாஸ்துக்காரர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு, அது கிர்ரென்று சுற்றச் சுற்ற, தானும் கூடத்தில் சுற்றினார். தறிக்குழி எங்கே வரும் என்று கேட்டார். காட்டினேன். தென்மேற்கு மூலையில் பள்ளம் இருந்தால் வீட்டுத் தலைவனுக்கு நிம்மதி இருக்காது என்றார். வேறு எங்கேதான் தோண்டலாம் என்றேன். வடகிழக்கு என்றார். வடகிழக்கில் கக்கூஸ் இருந்தது. அதை இடித்துவிட்டுத் தறியை அங்கே போட்டு, தறி இருக்க வேண்டிய இடத்துக்குக் கக்கூஸைக் கொண்டுவந்தால் குடும்பம் ஓகோவென்று வருமாம். கூடத்தின் நடுவில் கக்கூஸ் கட்டிக்கொண்டு ஓகோவென்று வாழ்வதை நினைத்துப் பார்த்தேன். தட்சிணையைக் கொடுத்து அனுப்பினேன். இந்தச் சந்திப்பைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் ஊர் சின்னது. நான் வீடு போய்ச் சேருவதற்குள் கக்கூஸ் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டாவது புடவை முடிகிற நேரத்தில் வீட்டுக் கடனுக்காகப் பேங்க் வேல்யுவர் வந்தார். இவராவது படித்தவர், கட்டடத்துக்கு மதிப்புப் போடுகிறவர், தரையைக் குனிந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தெருவிலேயே நின்றார். தான் வந்ததற்கு அத்தாட்சியாக என்னை வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ, பிறகு உள்ளே வந்து கூடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ. தோண்டலாமா என்று கேட்டேன். "பழைய கட்டடத்துக்கு நாங்க மதிப்பே போடறதில்ல சார். மனைக்கு மட்டும்தான். நீங்க தோண்டினாலும் ஒண்ணுதான், இடிச்சாலும் ஒண்ணுதான்" என்றார். நாங்கள் வாங்கப்போகும் வீடு அவர் கணக்கில் பூஜ்யம். சில நாள் கழித்து அறிக்கையின் நகல் வந்தது. நல்ல நிலையில் இருப்பதாக அதில் ஒரே ஒரு பொருளைப் பாராட்டியிருந்தார்: வெள்ளை டைல்ஸ் தரை. நாங்கள் தோண்டி எறிய நினைத்த தரை. போட்டோவில் அதன் நடுவில் திருதிருவென்று விழித்தபடி நான்.

இத்தனைக்கும் பிறகு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அவர் ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். பின்சுவருக்கு வெளியே கிடைத்த ஒன்றேகால் அடியை வீட்டின் அகலத்தால் பெருக்கி, வந்த சதுர அடியைத் தெருவின் விலையால் பெருக்கி, தொகையைப் பழைய விலையோடு கூட்டி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். "தப்பா நினைச்சுக்காதப்பா. நிலம் அதிகமானா விலை அதிகமாகணும். அதுதானே கணக்கு?" என்றார். தப்பே கண்டுபிடிக்க முடியாத கணக்கு. நான் மனுப் போட்டு, நான் காசு கட்டி, நான் முள்ளில் மண்டியிட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்த நிலத்தை எனக்கே விற்கிறார். திரும்பி வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்று என் மனைவி தறியை நிறுத்தினாள். மூன்றாவது புடவை பாதியில் இருந்தது. அவள் குழியில் காலைத் தொங்கப்போட்டபடியே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்கிட்ட இருக்கறது ஒரே கேள்வி. நீங்க மூணு பேரைக் கூட்டிக்கினு வந்து, நான் கேக்காத மூணு கேள்விக்கு பதில் வாங்கிட்டீங்க. அதுக்கு மேல, நாம குடுக்க வேண்டிய விலையை நீங்களே ஏத்தி விட்டுட்டு வந்து நிக்கறீங்க." பிறகு குரலை இறக்கினாள். "இந்தப் புடவை முடிஞ்சா தறியைப் பிரிக்கணும். பிரிச்சு எங்க கொண்டுபோய்ப் போடறது? அதை மட்டும் சொல்லுங்க."

மறுநாள் அட்டெண்டரைத் தேடிப் போய் அவருக்குத் தெரிந்த கட்டட இன்ஜினியர் ஒருவரின் எண்ணை வாங்கினேன். அட்டெண்டர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. எதையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

இன்ஜினியர் ஐயம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பின்னால் ஒரு கொத்தனார், அவர் தோளில் சுருட்டிய பிளாஸ்டிக் டியூப். இம்முறை என் மனைவியும் கூட வந்தாள். என்னை நம்பி எதையும் ஒப்படைக்கும் கட்டத்தை அவள் தாண்டியிருந்தாள். இன்ஜினியர் என்னிடம் பேசவில்லை. அவளிடம்தான் கேட்டார். தறி எவ்வளவு நீளம், பெட்டி எவ்வளவு உயரம், குழி எவ்வளவு ஆழம், எந்தச் சுவரோரமாக வரும். இரண்டு மாதத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்ட முதல் மனுஷி.

முதலில் கூடத்து மூலையில் ஒரு டைல்ஸை எடுக்க வேண்டும் என்றார். வாத்தியாருக்கு அது தன் பல்லைப் பிடுங்குவதுபோல இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். டைல்ஸுக்கு அடியில் மொசைக். அதற்கு அடியில் சிவப்புச் சிமெண்டுத் தரை. அப்புறம் மண்ணும் செங்கல் துண்டும். ஒன்றரை அடியில் சுண்ணாம்புத் தரை தட்டுப்பட்டது. கொத்தனார் சுவரோரமாக இன்னும் தோண்டி அஸ்திவாரம் எங்கே முடிகிறது என்று கையை விட்டுப் பார்த்தார். பழைய தரைக்குக் கீழே ஒரு அடிகூடப் போகவில்லை. அதுவும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். அந்தக் காபி டம்ளர்காரரின் வீடும் அதே அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது.

பிறகு டியூப். இது கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் சமாசாரம். டியூபில் தண்ணீரை நிரப்பி ஒரு முனையைத் தெருவிலும் இன்னொரு முனையை வீட்டுக்குள்ளும் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரு முனையைப் பிடிக்கும் வேலையைப் பெருந்தன்மையாக எனக்குக் கொடுத்தார்கள். கட்டை விரலால் வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். சொல்லும்போது எடுக்கச் சொன்னார்கள். சொல்லாதபோது எடுத்தேன். டியூபில் இருந்த அத்தனை தண்ணீரும் என் சட்டைப் பைக்குள் போனது. இரண்டாவது தடவை டியூபை வாத்தியார் வாங்கிக்கொண்டார்.

தெருவைவிடப் பழைய தரை ஒரு அடி பள்ளம். முற்றத்துத் தண்ணீர் தெருப்பக்கம்தான் போகிறது. ரோடு ஏறியதால் பெருமழையில் அது எதிர்த்துத் திரும்புகிறது. முற்றத்துச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு இருந்ததை இன்ஜினியர் காட்டினார். அதை நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். பெயிண்ட் என்று நினைத்திருந்தேன். ஆனால் பின்சந்து, தெருவைவிட இரண்டு அடி பள்ளம். என் மனைவி அதற்குள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவிடம் ஐப்பசியில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டுவந்திருந்தாள். மேலிருந்து நாலாவது உறையைத் தாண்டி ஏறியதில்லையாம்.

இன்ஜினியர் கிணற்று உறையை அளந்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார்: "தோண்டலாம்கா. ஆனா கூடம் பூரா வேணாம். ரெண்டு பக்கமும் சுவருல இருந்து ரெண்டடி விட்டுடுங்க, நடுவுல தறி நிக்கிற இடத்தை மட்டும் எறக்கி, ஓரத்துல செங்கல் கட்டிடலாம். முற்றத்துத் தண்ணியைப் பின்னால திருப்பி விடுங்க. குழியில தண்ணி வராது."

மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஃபீஸ், வாஸ்துக்காரருக்குக் கொடுத்த தட்சிணையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முற்றத்துத் தண்ணீரைப் பின்னால் கொண்டுபோகச் சந்தில் வாய்க்கால் போட இடம் வேண்டுமே, அதற்குச் சர்வேயர் கண்டுபிடித்த அந்த ஒன்றேகால் அடிதான் உதவப்போகிறது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை.

பேச்சு விலைக்கு வந்தது. வாத்தியார் இரண்டு கோடு போட்ட தாளை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பேசினாள். "சார், அகலத்துல நிலம் ஏறிச்சுன்னு கூட்டிக்கினீங்க. சரி. ஒசரத்துல ஒன்றரை அடி கொறையுதே, அதைக் கழிக்க வேணாமா? அந்த மண்ணு, சிவப்புத் தரை, மொசைக், டைல்ஸு எல்லாத்தையும் நாங்கதானே வெட்டி எடுத்துக் கொட்டணும்?"

வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முகத்தில் பல வருடம் கழித்து நல்ல மாணவி கிடைத்த களை. தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீளம், அகலம், ஆழம், எத்தனை வண்டி மண், வண்டிக்கு என்ன கூலி, செங்கல் கட்டு எவ்வளவு என்று பெருக்கிக்கொண்டே போனார். கொத்தனாரை வேறு நிறுத்திக் கேட்டுக்கொண்டார். கடைசியில் பழைய விலைக்கே வந்து நின்றது. அதற்கும் கீழே ஒரு சிறு தொகை இறங்கியது. அதற்கும் இரண்டு கோடு போட்டார். உடைத்த டைல்ஸுக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொண்டார்.

ஆனி முடிவதற்குள் பத்திரம் பதிந்தோம். ஆடியில் வீடு மாறக்கூடாது என்று பழைய வீட்டுக்காரர் தானாகவே ஒரு மாதம் விட்டுக்கொடுத்தார். ஆவணியில் பால் காய்ச்சி, கூடத்தின் நடுவை வெட்டி இறக்கி, தறியைக் கொண்டுபோய் நிறுத்தி, நாலு பேர் சேர்ந்து ஜக்கார்டு பெட்டியை மேலே ஏற்றினார்கள். பெட்டிக்கும் உத்திரத்துக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று என் மனைவி ஏணியில் ஏறிக் கையை விட்டுப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாகப் போனது. கீழே இறங்கி வந்தாளே தவிர, சிரிக்கவில்லை. மழை வரட்டும் என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஷேர் ஆட்டோக்கள் வராததால் என்னால் ஏனாத்தூர் போக முடியவில்லை. அதில் வருத்தமும் இல்லை. முற்றத்தில் கொட்டிய தண்ணீர் சலசலவென்று பின்சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சாப்பிட எழுந்த நேரத்தில் நான் தறிக்குழிக்குள் இறங்கினேன். அடிமண்ணைத் தொட்டேன். செங்கல் ஓரத்தைத் தடவினேன். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் கொஞ்ச நேரம் நின்று, எடுத்துப் பார்த்தேன். தாள் ஈரமாகவில்லை.

"காஞ்சிருக்குது" என்று குழிக்குள்ளிருந்து அறிவித்தேன்.

"மேல வாங்க" என்றாள்.

மேலே வருவது அவ்வளவு சுலபமாக இல்லை. முழங்கால் மடங்க மறுத்தது. படமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏற முயன்றேன், அதைத் தொடக்கூடாது என்று அதட்டினாள். கையைக் கொடுத்து இழுத்துவிட்டாள். அப்புறம் சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். குழியின் நாலு மூலையிலும் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தாள். நான் ஏற்கனவே பார்த்துச் சொன்ன அதே நாலு மூலைகள். பிறகுதான் பலகையில் உட்கார்ந்து கால்களை உள்ளே இறக்கினாள்.